ஓர் ஏட்டில் இரண்டு 'பி'

செவ்வியல் கிதார் பயிலும் மாணவரின் முன் விரித்து வைக்கப்படும் இசையேட்டில் 'பி' என்னும் ரோமன் எழுத்து இரண்டு விதமாக வருகிறது. ஐந்து கோடுகளுக்குக் கீழே தடித்துச் சாய்ந்து நின்றால் அது 'பியானோ'. இத்தாலிய மொழியில் 'மெல்ல' என்று பொருள். ஒரு சுரக்குறியின் அருகே சிறிதாக ஒட்டி நின்றால் அது 'புல்கார்'. ஸ்பானிய மொழியில் கட்டைவிரல். முதல் சில பாடங்களில் இவ்விரண்டும் குழம்புவது இயல்பு. ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் ஒரே தாளில் இரண்டு மொழிகள் ஏன் வந்து அமர்ந்தன, வேலையைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொண்டன என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

பங்கீடு ஏறத்தாழ இப்படி இருக்கிறது: காதில் என்ன விழவேண்டும் என்பதை இத்தாலியச் சொற்கள் சொல்கின்றன, கை என்ன செய்யவேண்டும் என்பதை ஸ்பானியச் சொற்கள் சொல்கின்றன. விதிவிலக்குகள் பல உண்டு, அவற்றுள் சிலவற்றைப் பின்னர் பார்ப்போம். ஆயினும் கிதார் மாணவர் மனனம் செய்யும் சொற்பட்டியலைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள திறவுகோல் வேறில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. இந்தப் பங்கீட்டின் பின்னால் ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதனுள் ஓர் இசைக்கருவியின் மரணமும் இருக்கிறது.

*

முதலில் கைக்கென்றே ஒரு எழுத்து முறை இருந்தது. ஆங்கிலத்தில் டாப்லேச்சர் என்றும், ஸ்பானியத்தில் 'எண்' என்று பொருள்படும் சீஃப்ரா என்றும் அது அழைக்கப்பட்டது. வெனிஸ் நகர அச்சுக்காரர் ஒத்தாவியானோ பெத்ருச்சி 1501இல் பல குரல் இசையை அச்சு எழுத்துகளில் வெளியிடத் தொடங்கியவர். 1507இல் அவரே ஃபிரான்சிஸ்கோ ஸ்பினாச்சினோவின் லூட் இசையை அச்சிட்டார். தந்தி இசைக்கான முதல் அச்சுநூல் அதுவே. ஒவ்வொரு தந்திக்கும் (அக்காலத்தில் பெரும்பாலும் இரட்டைத் தந்திகள்) ஒரு கோடு. கோட்டின் மீது ஓர் எண். அந்த எண் விரல் வைக்கவேண்டிய ஃப்ரெட்டைச் சொல்கிறது. வீணையில் மெட்டு என்போமே, அதுதான் ஃப்ரெட். எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் சுட்டுவிரலால் மேல்நோக்கி மீட்டவேண்டும். நூலின் முகப்பில் பெத்ருச்சி சேர்த்திருந்த விளக்கக் குறிப்பு, பாடத் தெரியாதவர்களுக்கான விதி என்ற தலைப்பைக் கொண்டது. சுரக்குறிகளைப் பார்த்துப் பாடும் பயிற்சி இல்லாதவரும் இந்த ஏட்டை வைத்துக்கொண்டு வாசித்துவிடலாம் என்பதே அதன் உட்பொருள்.

இந்த எழுத்து முறை என்ன ஒலிக்கும் என்று சொல்வதே இல்லை. எங்கே அழுத்துவது, எப்போது மீட்டுவது என்று மட்டும் சொல்லும். நாட்டுக்கு நாடு அது வேறுபட்டது. இத்தாலியர் எண்களைப் பயன்படுத்தி, மிகத் தாழ்ந்த தந்தியை மேல்கோட்டில் வைத்தனர். பிரெஞ்சுக்காரர்கள் எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொண்டனர். எப்படி எழுதினாலும் அதன் குறையும் நிறையும் ஒன்றே: கையை அது மிகத் துல்லியமாக அறியும்; இசையின் அமைப்பை அரைகுறையாகவே அறியும். ஒரு சுரம் எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும், மேல்குரல் எது, அடிக்குரல் எது என்பதெல்லாம் வாசிப்பவரின் ஊகத்துக்கு விடப்பட்டன.

ஆகவே எண்களால் சொல்ல முடியாததைச் சொல்லச் சொற்கள் தேவைப்பட்டன. மேற்கத்திய இசையின் மிகப் பழைய செயற்குறிப்புகள் சில, பெரிய தேவாலய இசையிலோ அரசவை நாடக இசையிலோ தோன்றாமல், தனியொருவர் மடியில் வைத்து மீட்டும் தந்திக் கருவிகளின் ஏடுகளில் தோன்றியது தற்செயல் அல்ல. பிரெஷ்யா நகரத்து உயர்குடியினர் வின்சென்சோ கபிரோலாவின் லூட் இசையை அவருடைய மாணவர் ஒருவர் சுமார் 1517இல் கையெழுத்துப் பிரதியாக எழுதி வைத்தார். அந்த ஏட்டில் ஓரிடத்தில் மெல்ல மெல்ல மீட்டுமாறு இத்தாலிய மொழியில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஒலியின் அளவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு என்று அதனைக் கருதுகின்றனர். இன்றைய மாணவரின் ஏட்டில் சாய்ந்து நிற்கும் அந்த 'பி'யின் முன்னோர் இங்கே இருக்கிறார்.

வீதால் என்னும் அந்த மாணவர் செய்த வேறொரு காரியத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். அரிய நூல்கள் பல, அவற்றின் அருமை தெரியாதவர் கைக்குப் போய் அழிந்திருக்கின்றன என்பது அவர் கவலை. ஆகவே ஏட்டின் ஓரங்களில் விலங்குகளையும் பறவைகளையும் செடிகொடிகளையும் வண்ணத்தில் வரைந்து வைத்தார். இசை அறியாத ஒருவரிடம் ஏடு போய்ச் சேர்ந்தாலும் ஓவியத்தின் அழகுக்காகவேனும் அதைக் காப்பாற்றி வைப்பார் என்ற எண்ணத்தையும் முன்னுரையில் எழுதி வைத்தார். அவர் எண்ணம் பலித்தது. அந்த ஏடு இன்று சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கிறது.

*

ஸ்பெயினில் அக்காலத்தில் உயர்ந்த இடத்தில் இருந்த கருவி விஹுவேலா. வடிவில் கிதாரைப் போன்றது. சுருதி அமைப்பில் லூட்டைப் போன்றது. அதற்கென அச்சான நூல்கள் ஏழு நமக்குக் கிடைத்துள்ளன. முதலாவது லூயிஸ் மிலான் 1536இல் வாலென்சியாவில் வெளியிட்ட 'எல் மேஸ்த்ரோ'. கடைசி, எஸ்தேபான் தாசா 1576இல் வெளியிட்டது. நாற்பதே ஆண்டுகள்.

மிலானின் நூல் பெயருக்கேற்ப ஓர் ஆசான். தொடக்க நிலை மாணவரை எதிரில் அமர்த்திக்கொண்டு பேசுவதுபோல ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னால் சில வரிகள் எழுதுகிறார். இதை விரைவான தாளத்தில் வாசி, இதை நிதானமாக வாசி, இதை அதிக விரைவும் அதிக நிதானமும் இன்றி அளவாக வாசி என்ற போக்கில் அவர் சொல்லும் குறிப்புகளே அச்சில் வந்த முதல் வேகக் குறிப்புகள் என்று இசை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்கின்றனர். சில உருப்படிகளுக்கு அவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சுரக்கூட்டுகள் வரும் இடங்களை மெதுவாகவும், ஓட்டமாக வரும் ரெதோப்லே இடங்களை விரைவாகவும் வாசித்து, இடையிடையே சற்று நின்று போகச் சொல்கிறார். ஓர் உருப்படிக்குள்ளேயே வேகம் மாறவேண்டும் என்ற கருத்து இங்கே சொற்களில் வந்துவிட்டது. அச்சொற்கள் ஸ்பானியச் சொற்கள்.

அலொன்சோ முதார்ராவின் நூல் 1546இல் செவில் நகரில் வெளிவந்தது. நான்கு வரிசைத் தந்திகள் கொண்ட சிறிய கிதாருக்கான சில உருப்படிகளும் அதில் உண்டு. அச்சில் வந்த முதல் கிதார் இசை அவைதாம். லுதோவிகோ என்னும் யாழ்க் கலைஞரின் பாணியைப் போலச் செய்து காட்டும் ஒரு ஃபாந்தாசியா அந்நூலில் மிகப் புகழ்பெற்றது. அதன் முடிவை நெருங்கும்போது சுரங்கள் வேண்டுமென்றே முரண்படுகின்றன. அச்சுப்பிழை என்று எண்ணி யாரேனும் திருத்திவிடுவார்களோ என்ற அச்சத்தினாலோ என்னவோ, இனி வருபவற்றில் சில முரண்கள் உண்டு, நன்றாக வாசித்தால் அவை கெடுதலாகத் தோன்றா என்ற பொருளில் முதார்ரா அங்கே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். செயற்குறிப்பு என்பது அங்கே ஆசிரியர் வாசகரின் தோளைத் தொட்டுச் சொல்லும் ஒரு சொல்லாக இருக்கிறது.

முதார்ராவின் ஏட்டில் வேறு இரண்டு சுருக்கக் குறிகளும் காணப்படுகின்றன. ஒன்று 'தெதீயோ' என்பதைக் குறிக்கும். மற்றது 'தோஸ் தேதோஸ்'. முதலாவது, விரல் என்ற சொல்லின் சிறுமைப் பெயர்: சுட்டுவிரல் ஒன்றையே முன்னும் பின்னுமாக அசைத்து ஓட்டங்களை வாசிக்கும் முறை. இரண்டாவதன் நேர்ப்பொருள் 'இரண்டு விரல்'. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாறி மாறி மீட்டும் முறை. அதிலும் கட்டைவிரல் வெளிப்பக்கமாக நிற்பது காஸ்தீலிய வழி, உள்ளே புகுவது அயல்நாட்டு வழி என்று 1557இல் வெனேகாஸ் தெ எனெஸ்த்ரோசா வகைப்படுத்துகிறார். பார்வையற்ற மேதையான மிகேல் தெ ஃபுயென்யானா 1554இல் தம் நூலின் முன்னுரையில் தெதீயோவைப் பற்றி ஐயம் தெரிவிக்கிறார். விரல் வெளியே போகும்போது நகம் தந்தியில் படுகிறது; உயிரற்ற நகத்தைவிட உயிருள்ள சதையே மனத்தின் எண்ணத்தைத் தந்திக்குக் கொண்டு சேர்க்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். நகமா சதையா என்ற இந்த வழக்கு இன்றளவும் கிதார் உலகில் முடியவில்லை.

*

விஹுவேலா இறந்தது. 1611இல் செபாஸ்தியான் தெ கோவாரூபியாஸ் ஸ்பானிய மொழிக்கு ஒரு பேரகராதி வெளியிட்டார். விஹுவேலா என்ற சொல்லுக்கு விளக்கம் எழுத வந்தவர் அகராதிக்காரரின் நிதானத்தை இழந்துவிடுகிறார். கிதார் வந்த பிறகு விஹுவேலா கற்பவர் அருகிப்போயினர் என்றும், இது பெரிய இழப்பு என்றும், இந்தக் கிதாரோ மாட்டுக் கழுத்து மணிக்கு மேல் மதிப்பற்றது என்றும், கீறி இழுத்து வாசிப்பதற்கு அவ்வளவு எளிதாக இருப்பதால் கிதார் வாசிக்காத குதிரைலாயப் பையனே இல்லை என்றும் புலம்புகிறார். ஒரு சொல்லின் கீழே எழுதப்பட்ட இரங்கல் குறிப்பு அது.

கோவாரூபியாஸ் இகழ்ந்த அந்தக் கீறல்தான் 'ரஸ்கேயாதோ'. ரஸ்கார் என்றால் கிழித்தல், பிறாண்டுதல். எல்லாத் தந்திகளையும் ஒருசேர விரல்களால் கீறி வாசிப்பது. இதற்கு எதிர்ப்பதம் 'புந்தேயாதோ', தந்திகளைத் தனித்தனியாக மீட்டுவது. ஐந்து வரிசைத் தந்திகள் கொண்ட அக்காலக் கிதார் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணையாகப் பரவியது கீறலின் வலிமையால்தான். 1606இல் ஜிரோலாமோ மோன்தெசார்தோ ஃபிளாரன்ஸ் நகரில் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் நெடுங்கணக்கிலிருந்து ஓர் எழுத்தைக் கொடுத்தார். 'அல்ஃபபேத்தோ' என்று இம்முறைக்குப் பெயர். அதில் 'ஏ' என்ற எழுத்து ஏ சுரக்கூட்டைக் குறிக்காது, ஜி மேஜரைக் குறிக்கும். 'பி' என்பது சி மேஜர். எழுத்துக்கும் சுரப்பெயருக்கும் தொடர்பே கிடையாது. எழுத்தைக் கண்டதும் இடக்கை அந்த வடிவத்தை எடுக்கவேண்டும், அவ்வளவுதான். இதுவும் கையின் எழுத்தே.

காஸ்பார் சான்ஸ் 1674இல் சரகோசாவில் வெளியிட்ட கிதார் போதனை நூல் கீறலையும் மீட்டலையும் ஓரிடத்தில் சேர்த்தது. 'காம்பனேலா' என்னும் சொல் அவர் நூலில் உண்டு. சிறு மணிகள் என்று பொருள். வரிசையாக வரும் சுரங்களை ஒரே தந்தியில் வாசிக்காமல் அடுத்தடுத்த சுரத்தை வெவ்வேறு தந்திகளில் எடுத்தால், முந்தியது ஓயுமுன் பிந்தியது ஒலிக்கும். கோயில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று கலப்பதைப் போல. செவிக்கு மணியோசை, கைக்குத் தந்தி மாறும் உத்தி. ஒரே சொல் இரண்டையும் சொல்லிவிடுகிறது. ஹோவாக்கின் ரோத்ரிகோ 1954இல் செகோவியாவுக்காக எழுதிய 'ஃபாந்தாசியா பாரா உன் ஹெந்தில்ஓம்ப்ரே' சான்ஸின் உருப்படிகளின் மீது கட்டப்பட்டது.

ஆக, கிதார் வாழ்ந்தது. விஹுவேலாவின் சொற்கள் ஏட்டில் கிடந்தன. தமிழில் 'வாசித்தல்' என்ற ஒரே வினை ஏட்டுக்கும் வாத்தியத்துக்கும் பொதுவாக இருக்கிறது. தெதீயோ, தோஸ் தேதோஸ் என்ற சொற்களை மூன்று நூற்றாண்டுகள் முதல் பொருளில் வாசிக்க முடிந்தது. இரண்டாம் பொருளில் வாசித்துக் காட்ட ஆளில்லை. அகராதி காப்பாற்றுவது சொல்லின் பொருளைத்தான். கட்டைவிரல் உள்ளே புகும் கோணத்தைக் காப்பாற்ற இன்னொரு கை வேண்டும்.

*

இதற்கிடையே இத்தாலியச் சொற்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசவைகளில் இத்தாலிய இசைக்கலைஞர்கள் பதவிகளில் இருந்தனர். இத்தாலிய இசைநாடகம் எங்கும் சென்றது. கொரெல்லி, விவால்டி ஆகியோரின் அச்சேடுகள் ஆம்ஸ்டர்டாம், லண்டன் வரை விற்றன. ஏட்டோடு அதன் தலைப்புச் சொற்களும் போயின. அவை தொடக்கத்தில் அன்றாடப் பேச்சுச் சொற்களே. அல்லெக்ரோ என்றால் உற்சாகமான. அந்தாந்தே என்றால் நடந்துகொண்டிருக்கிற. லார்கோ என்றால் அகன்ற. அடாஜியோ என்பது ஆற அமர என்பதைப் போன்றது. இவற்றுள் வேகத்தை நேரடியாகச் சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மனநிலையையும் நடையையும் சொல்லி, அதிலிருந்து வேகத்தை நாமே உணர்ந்துகொள்ள விட்டார்கள். 1815இல் மெல்ட்சல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் சொல்லின் பக்கத்தில் எண் வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு அல்லெக்ரோ என்பது நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று மாணவர் மனத்தில் சுருங்கிப்போனது.

எல்லோரும் இதற்கு உடன்படவில்லை. பிரான்சில் ஃபிரான்சுவா கூப்பெரன் தம் மொழியிலேயே கனிவாக, கம்பீரமாக என்று எழுதினார். ஜெர்மனியில் ஷூமான் ஜெர்மன் சொற்களைக் கையாண்டார். இருந்தும் இத்தாலியச் சொற்கள் பொதுமொழியாக நின்றன. எந்தக் கருவிக்கும் பொருந்துவது அவற்றின் பலம். அந்தாந்தே என்பதை வயலின்காரரும் குழல்காரரும் பாடகரும் ஒரேபோல எடுத்துக்கொள்ளலாம். அதே காரணத்தால் எந்தக் கருவியின் கையையும் அவை அறியமாட்டா.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிதார் இரண்டு மாற்றங்களை ஒருசேரச் சந்தித்தது. இரட்டைத் தந்திகள் மறைந்து, ஆறு ஒற்றைத் தந்திகள் கொண்ட கருவி உருவானது. கையின் எழுத்தான டாப்லேச்சர் கைவிடப்பட்டு, மற்றக் கருவிகளைப் போல ஐந்துகோட்டுச் சுரக்குறிப்பு வந்தது. நேப்பிள்ஸ் நகரத்தவரும் ஸ்பானியப் படையில் பணியாற்றியவருமான ஃபெதெரிகோ மொரெத்தி 1792இல் நேப்பிள்ஸிலும் 1799இல் மாட்ரிட்டிலும் வெளியிட்ட நூல்களுக்கு இதில் பங்குண்டு. மேல்குரலையும் அடிக்குரலையும் பிரித்து எழுதும் வழியை மொரெத்தியின் எழுத்திலிருந்து பெற்றதாக ஃபெர்னாண்டோ சோர் தம் 1830ஆம் ஆண்டுப் போதனை நூலில் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

கிடைத்தது பெரிது. மாணவர் முதன்முறையாகத் தாம் வாசிப்பது எத்தனை குரல்களால் ஆனது என்பதைக் கண்ணால் கண்டார். இழந்ததும் சிறிதல்ல. ஐந்துகோட்டின் மேல் இடைவெளியில் எழுதப்படும் 'மி' சுரத்தை எடுத்துக்கொள்வோம். பியானோவில் அதற்கு ஒரே ஒரு கட்டை. கிதாரில் முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் அது கிடைக்கும். இரண்டாம் தந்தியின் 5ஆவது ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆவதிலும், நான்காம் தந்தியின் 14ஆவதிலும், ஐந்தாம் தந்தியின் 19ஆவதிலும் அதே சுரம் கிடைக்கும். சுருதி ஒன்று, நிறம் ஐந்து. சுரக்குறிப்பு இந்த ஐந்தில் எது என்று சொல்லாது. டாப்லேச்சர் இதை ஒருபோதும் சொல்லாமல் விட்டதில்லை.

ஆகவே கையின் எழுத்து பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. வட்டத்துக்குள் எழுதிய எண் தந்தியைக் குறிக்கிறது. தனி எண், 1 முதல் 4 வரை, இடக்கை விரலைக் குறிக்கிறது. ரோமன் எண் ஃப்ரெட்டைக் குறிக்கிறது. வலக்கைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் போதனை நூல்கள் புள்ளிகளைப் பயன்படுத்தின: ஒரு புள்ளி சுட்டுவிரல், இரண்டு நடுவிரல், மூன்று மோதிரவிரல். பெத்ருச்சியின் அந்தப் பழைய புள்ளிதான் குட்டி போட்டு நிற்கிறது. பின்னர் ஸ்பானிய ஆசான்களின் செல்வாக்கினால் புள்ளிகளின் இடத்தில் எழுத்துகள் வந்தன: புல்கார், இந்திசே, மெதியோ, அனுலார் என்பவற்றின் முதலெழுத்துகளான பி, ஐ, எம், ஏ. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். இன்று டோக்கியோவிலோ பெர்லினிலோ பயிலும் மாணவரும் தம் விரல்களை ஸ்பானியத்தில்தான் எண்ணுகிறார்.

*

கைச்சொற்களும் செவிச்சொற்களும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்ட ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் போதும். லத்தீனில் லிகாரே என்றால் கட்டுதல். அதிலிருந்து இத்தாலியத்தில் 'லெகாத்தோ', ஸ்பானியத்தில் 'லிகாதோ'. இரண்டுக்கும் கட்டப்பட்டது என்றே பொருள். லெகாத்தோ என்று கண்டால் சுரங்களுக்கிடையே இடைவெளி தெரியாமல் வாசிக்கவேண்டும். எப்படிச் சாதிப்பது என்பது உங்கள் பாடு. லிகாதோ என்று கண்டால் ஒரு குறிப்பிட்ட வினையைச் செய்யவேண்டும்: முதல் சுரத்தை மட்டும் வலக்கை மீட்ட, அடுத்ததை இடக்கை விரல் தந்தியின் மேல் விழுந்தோ, தந்தியை இழுத்துவிட்டோ எழுப்பும். லிகாதோ இன்றியும் லெகாத்தோவாக வாசிக்கலாம். முரட்டுத்தனமாக லிகாதோ செய்து லெகாத்தோவைக் கெடுக்கவும் செய்யலாம். இரண்டையும் ஒன்றென்று எழுதும் பொருட்பட்டியல்கள் மாணவருக்குத் தீங்கே செய்கின்றன.

'அபோயாந்தோ', 'திராந்தோ' என்ற இணையும் இப்படிப்பட்டதே. முதலாவது சாய்தல்: மீட்டிய விரல் அடுத்த தந்தியில் போய்ச் சாய்ந்து நிற்கும், ஒலி திரண்டு வரும். இரண்டாவது இழுத்தல்: விரல் எதையும் தொடாமல் காற்றில் மீளும், மற்றத் தந்திகள் தொடர்ந்து ஒலிக்க வழிவிடும். ஃபிரான்சிஸ்கோ தார்ரேகாவின் வழிவந்த மாணவர்கள் மூலம் இவை உலகெங்கும் பரவின. சத்தமாக, மென்மையாக என்று இவற்றை மொழிபெயர்க்க இயலாது. சாய்ந்த விரலாலும் மெல்ல மீட்டலாம்.

சில சொற்கள் கருவி மாறியதும் பொருள் மாறின. 'பிட்சிகாத்தோ' என்றால் கிள்ளுதல். வில்லால் வாசிக்கும் வயலினில் வில்லை விட்டு விரலால் மீட்டுவதை அது குறிக்கும். கிதாரில் எல்லாமே விரலால் மீட்டுவதுதான். எனவே அங்கே அச்சொல்லுக்கு வேலையில்லை. ஆயினும் அச்சொல் வந்தது, வேறு வேலை தேடிக்கொண்டது: வலக்கையின் ஓரத்தைப் பாலத்தருகே தந்திகளின் மேல் வைத்து, ஒலியை மூட்டமாக்கி வாசிப்பது கிதாரின் பிட்சிகாத்தோ. வயலினின் பிட்சிகாத்தோ எப்படி ஒலிக்குமோ அதன் சாயலைக் கிதார் போலச்செய்கிறது.

ஒரு விரலைக் கிடையாக வைத்துப் பல தந்திகளை அழுத்துவதற்குப் பிரெஞ்சில் 'பாரே', குறுக்குச் சட்டமிடப்பட்டது. ஸ்பானியத்தில் 'சேஹா'. அதன் நேர்ப்பொருள் புருவம். ஏட்டில் ரோமன் எண்ணுக்கு முன்னால் நிற்கும் 'சி' அதன் முதலெழுத்து. இத்தாலியத்தில் 'கபோதாஸ்தோ' என்ற சொல் உண்டு. கபோ என்றால் தலை, தாஸ்தோ என்றால் ஃப்ரெட் அல்லது விரற்பலகை. இன்று கிதாரின் கழுத்தில் மாட்டும் கவ்விக்கு வழங்கும் 'கேப்போ' இதன் குறுக்கம். முதலிலிருந்து திரும்ப வாசி என்று ஏட்டின் முடிவில் ஆணையிடும் 'டா காபோ'விலும் இருப்பது அதே தலைதான்.

*

இருபதாம் நூற்றாண்டில் ஆந்த்ரேஸ் செகோவியா கிதாரை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றபோது இச்சொற்களும் அவருடனே பயணம் செய்தன. அவர் விரற்குறிப்புகள் இட்டுப் பதிப்பித்த சோரின் இருபது பயிற்சிகள் 1945இல் வெளிவந்து, பல தலைமுறை மாணவர்களின் பாடநூலாயின. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சோர் தம் போதனை நூலில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றையே முதன்மையாகக் கொண்டு, மோதிரவிரலைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அழைக்கச் சொன்னவர். நகமின்றி மீட்டியவர். நகத்தால் மீட்டிய தம் நண்பர் தியோனிசியோ அகுவாதோவும் தாமும் சேர்ந்து வாசிக்க 'இரு நண்பர்கள்' என்ற இணையிசையை எழுதியவர். இருபதாம் நூற்றாண்டுப் பதிப்புகளில் சோரின் சுரங்களுக்கு மேல் நாம் காணும் 'ஏ' எழுத்துகள் பெரும்பாலும் சோருடையவை அல்ல. அவை பதிப்பாசிரியரின் கை. சுரம் ஒரு நூற்றாண்டைச் சேர்ந்தது, விரல் வேறொரு நூற்றாண்டைச் சேர்ந்தது. அச்சில் இரண்டும் ஒரே கறுப்பில் தெரிகின்றன.

ஏட்டின் மொழிகள் அதன் பிறகும் மாறிக்கொண்டே வந்தன. பிரேசில் நாட்டவரான வில்லா-லோபோஸ் செகோவியாவுக்கு எழுதிய பன்னிரு பயிற்சிகள் 1953இல் பாரிஸில் பிரெஞ்சுத் தலைப்புடன் அச்சாயின. பெஞ்சமின் பிரிட்டன் 1963இல் ஜூலியன் பிரீமுக்கு எழுதிய 'நாக்டர்னல்' படைப்பில் சிந்தனையில் ஆழ்ந்து, மிகக் கலங்கி, அமைதியற்று என்பன போன்ற தலைப்புகளை ஆங்கிலத்தில் முதலில் இட்டு இத்தாலியத்தை அடைப்புக்குள் தள்ளினார். செவிக்கான சொற்கள் இப்படி ஆசிரியரின் தாய்மொழிக்குத் திரும்ப முடிகிறது. அதே பிரிட்டனின் ஏட்டிலும் வலக்கை விரலைக் குறிக்க நேர்ந்தால் பி, ஐ, எம், ஏ என்றே குறிப்பர். மனநிலையை எந்த மொழியிலும் பெயர்த்துவிடலாம். கைப்பழக்கம் யாரிடமிருந்து வந்ததோ அவர் மொழியை விட்டுப் பிரிய மறுக்கிறது.

தார்ரேகாவின் மாணவர் எமிலியோ புஜோல் இந்த வரலாற்றின் இரண்டு முனைகளையும் தொட்டவர். தம் ஆசானின் கைமுறையை விளக்கும் போதனை நூலின் முதல் பகுதியை 1934இல் வெளியிட்டார். 1936இல் பாரிஸின் ஜாக்மார்-ஆந்த்ரே அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கருவியை விஹுவேலா என்று அடையாளம் கண்டார். அசல் விஹுவேலாக்கள் என்று இன்று ஏற்கப்படுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பின்னர் வந்த கலைஞர்கள் வெனேகாஸையும் ஃபுயென்யானாவையும் முதார்ராவின் சுருக்கக் குறிகளையும் படித்து, தெதீயோவை மீண்டும் கையில் எடுத்தனர். இன்று மேடையில் அதைக் கேட்க முடிகிறது. முதார்ராவின் விரல் இப்படித்தான் அசைந்ததா என்று உறுதி சொல்ல யாருமில்லை. பழைய சொல்லுக்குப் புதிய கை ஒன்று கிடைத்திருக்கிறது.

கிதார் மாணவருக்குத் தரப்படும் பொருட்பட்டியல்கள் அகர வரிசையில் அமைந்தவை. அடாஜியோ, அந்தாந்தே, அபோயாந்தோ, அல்லெக்ரோ, அனுலார் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒன்று ஆற அமரச் செல்லும் இசை, ஒன்று நடை, ஒன்று சாயும் விரல், ஒன்று உற்சாகம், ஒன்று மோதிரவிரல். தேர்வுக்கு இந்த வரிசை போதும். கற்பதற்கு, பட்டியலை இரண்டாகக் கிழித்து எழுதிக்கொள்வது நல்லது என்போம். முதல் பாதியைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். மெல்ல, உரத்து, ஆற அமர என்று நம் சொற்கள் தாராளமாகப் போதும். இரண்டாம் பாதிக்கு எதிரே பொருள் எழுதவேண்டியதில்லை. அபோயாந்தோ என்று எழுதிவிட்டு, அதைச் செய்து காட்டிய ஆசிரியரின் விரல் எந்தத் தந்தியில் போய்ச் சாய்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னொரு நாள் இன்னொருவருக்குக் காட்டவேண்டியிருக்கும்.